ராத்திரி யார் இருப்பார்கள்?

அத்தியாயம் 7: விடுமுறைக்குப் போகும்போது நாயை எங்கே விடுவது

நெகிரி செம்பிலானில் லிங்கிப் பக்கத்துப் பால்மரத் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்த காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனால் நான்கு நாள். வீட்டுச் சாவியை அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுப்பார். நாயின் அலுமினியத் தட்டு எங்கள் வாசற்படியிலிருந்து அத்தையின் வாசற்படிக்கு நகரும். அவ்வளவுதான். மணி என்ற அந்த நாய் விடியற்காலையில் கண்டக்டரின் மோட்டார் சைக்கிள் பின்னால், ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஓடும். பத்து மணிக்கு ஆயாக்கொட்டகை வாசலில் படுத்திருக்கும். பால் நிறுக்கும் நேரத்தில் ஸ்டோர் பக்கம் காத்திருக்கும். எங்கள் வீட்டில் ஆள் இல்லை என்பது அதற்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

அந்த ஏற்பாடு லயத்தோடு போய்விட்டது. சிரம்பான் 2, ஸ்ரீ சென்டாயான், நீலாய் என்று இன்று வரிசை வீடுகள் நிற்கும் இடங்களில் பால்மரமும் செம்பனையும் நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செனவாங்கிலும் சுங்கை காடுட்டிலும் தாமான் வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவரின் பெயர் தெரியாது. தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு வேறு சிக்கல். லயத்தில் எட்டு வீட்டுக்கு இரண்டு வீடுதான் நம்மவர்கள். மற்ற வீடுகளில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். ஆனால் பயணங்கள் மட்டும் நீண்டுவிட்டன. முன்பு பத்துமலை நான்கு நாள். இப்போது பள்ளி விடுமுறைக்குத் திருச்சி, மதுரை, குலதெய்வக் கோயில் என்று மூன்று வாரம். நாய் மட்டும் இங்கேயே இருக்கிறது.

எனக்குப் புத்தி வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒன்பது நாள் தமிழ்நாட்டுப் பயணம். நாயை ஒரு நகரத்துக் கடைவீட்டில் நடந்த 'நாய் ஓட்டலில்' விட்டேன். கண்ணாடிக் கதவு, ஏர்கோன், வாசனை. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் படம் வரும். ஆறாம் நாள் படத்தில் கழுத்தில் சிவப்பு ரிப்பன். பழனி அடிவாரத்தில் உட்கார்ந்து அதைக் குடும்பமே பார்த்து மகிழ்ந்தோம். திரும்பிவந்து கூட்டிக்கொண்டபோது நாய்க்குக் குரலே இல்லை. குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டியிருந்தது. விலா எலும்பு எண்ணலாம். விசாரித்தபின் தெரிந்தது: மாலை ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள். பதினான்கு மணி நேரம் அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. நடுவில் இரண்டு ராத்திரி வயிற்றுப்போக்கு கண்டு அதிலேயே கிடந்திருக்கிறது. காலையில் வந்த பிள்ளைகள் குளிப்பாட்டி, உலர்த்தி, ரிப்பன் கட்டிப் படம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ராத்திரி அங்கே யாரும் இல்லை என்பதுதான் விஷயம்.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: ராத்திரி யார் இருப்பார்கள்? பெயர் என்ன, எந்த அறையில் படுப்பார், நாய் குரைத்தால் அவருக்குக் கேட்குமா? விலை, ஏர்கோன், விளையாட்டுத் திடல் எல்லாம் அதற்குப் பிறகு.

நாய் எப்படிப்பட்டது?

இடத்தைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் நாயை ஒருமுறை வெளியாள் கண்ணால் பாருங்கள். தோட்டத்து நாய் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கலப்பு நாட்டு நாய். கூண்டு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. சிமெண்டுத் தரையில் சிறுநீர் கழிக்கத் தெரியாமல் ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நிற்கும். சோறும் மத்தி மீனும் கருவாட்டுத் தலையும் தின்று வளர்ந்த வயிறு, கடையில் விற்கும் உலர் தீனியைப் பார்த்ததும் புரண்டுவிடும். இப்படிப்பட்ட நாய்க்கு, அதுவும் நான்கைந்து வயது தாண்டிவிட்டால், என் தீர்ப்பு: சொந்த வீட்டிலேயே விட்டு, நம்பகமான ஒருவர் காலையும் மாலையும் வந்து பார்ப்பதே முதல் வழி. விடுதி இரண்டாவது வழி.

நேர்மாறாகச் சில நாய்களை வீட்டில் விடவே கூடாது. ஆறு மாதம் ஆகாத குட்டி, தினம் மாத்திரை தின்னும் கிழம், வேலி தாண்டும் கள்ளன், வீட்டுக்குள்ளேயே மனிதரோடு படுத்துப் பழகிய பூடில், ஷிட்சு வகையறா. இவற்றுக்கு ஆள் கூடவே இருக்கும் இடம் வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெயில் ஆகாது. நம்மூர்ப் பகல் வெப்பம் 32, 33 டிகிரியில் நிற்கும்போது, தகரக் கூரைக்குக் கீழே அவை மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் காரியம் கெட்டுவிடும்.

கருத்தடை செய்யாத பெட்டை நாய் தனிக்கதை. பல விடுதிகள் பருவத்தில் இருக்கும் பெட்டையை ஏற்காது. வீட்டில் விட்டால் மூன்று வாரம் கழித்து நீங்கள் வருவீர்கள். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள் என்பதால் குட்டிகள் சற்றுத் தாமதமாக வரும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கருத்தடைக்கு மருத்துவரிடம் நாள் வாங்குங்கள்.

வீட்டிலேயே விடுவதென்றால்

பார்த்துக்கொள்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். "நாங்க எல்லாரும் பாத்துக்கிறோம் அண்ணே" என்று நான்கு பேர் சொன்னால் நாய் பட்டினி என்று அர்த்தம். திங்கட்கிழமை அவன் போட்டிருப்பான் என்று இவனும், இவன் போட்டிருப்பான் என்று அவனும் இருப்பார்கள். பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பையனோ, ஓய்வுபெற்ற மண்டோரோ நல்ல தேர்வு. காசு கொடுங்கள். சொந்தக்காரப் பையன்தானே என்று சும்மா விடாதீர்கள். கைச்செலவுக்குப் பணம் வாங்கியவன் மழையிலும் வருவான்.

நீங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர் கையால் சோறு வைக்கச் செய்யுங்கள். நீங்கள் வீட்டுக்குள் இருக்கும்போது வருபவரிடம் வாலாட்டும் நாய், வீட்டில் ஆள் இல்லாதபோது அதே ஆளைக் கேட்டுக்குள் விடாது. ஒரு சாயங்காலம் குடும்பமே வெளியே போய்விட்டு, அவரைத் தனியாக வந்து திறக்கச் சொல்லிப் பாருங்கள். அன்று கடி வாங்காவிட்டால் மூன்று வாரமும் வாங்கமாட்டார்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் முஸ்லிமாக இருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இந்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழக்கப்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். அதனால் உதவ மனமிருந்தும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நாய் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோறு வைக்கும்படி கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாமல், வேறு உதவி கேட்கலாம்: "நாய் ரெண்டு நாளா சத்தமே போடலைன்னா இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க." எனக்கு ஒருமுறை அப்படி வந்த போன், வேலியில் காலை மாட்டிக்கொண்டு கிடந்த நாயைக் காப்பாற்றியது.

தோட்டத்தில் விடுபவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டியது எலி மருந்து. செம்பனைப் பழத்தை எலி தின்று தீர்ப்பதால் தோட்ட நிர்வாகம் மரத்தடியில் மருந்துக் கட்டி வைக்கும். சில தோட்டங்களில் கூண்டு கட்டி ஆந்தை வளர்ப்பதும் அதே எலிக்காகத்தான். எந்தப் பிளாக்கில் எந்த வாரம் மருந்து போடுகிறார்கள் என்பது கண்டக்டருக்குத் தெரியும், போய்க் கேளுங்கள். இந்த மருந்தில் மோசம் என்னவென்றால் தின்ற அன்று ஒன்றும் தெரியாது. இரத்தம் உறையும் சக்தி மெல்லக் குறைந்து, இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறும்போது குதித்துக்கொண்டிருந்த நாய் புதன்கிழமை விழுந்துவிடலாம். பார்த்துக்கொள்பவர் "முதலாளி போன ஏக்கம்" என்று விட்டுவிடுவார். ஏக்கத்தில் ஈறு வெளுக்காது. உதட்டைத் தூக்கி ஈறு பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுங்கள். இளஞ்சிவப்பு நல்லது, வெளுத்தால் அன்றே மருத்துவரிடம். வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்கும், ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். விடுதிக்கு அனுப்பும் தோட்டத்து நாய்க்கும் இது பொருந்தும். வீட்டில் தின்ற மருந்து விடுதியில் வேலை காட்டும். விடுதிக்காரரிடம் "எங்கள் பக்கம் எலி மருந்து போட்டிருக்கிறார்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.

காட்டுப் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியும் கருநாகமும் தோட்டத்து நாய்க்குத் தெரிந்த எதிரிகள்தான். ஆனாலும் கூப்பிட்டுத் திருப்ப எசமானன் ஊரில் இல்லாதபோது நாய் தூரம் போகும். நஞ்சைத் துப்பும் நாகம் கண்ணில் அடித்தால் உடனே நிறையச் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும், பிறகு மருத்துவர். இதையும் சொல்லிவைக்கலாம். இன்னொன்று, கழுத்துப் பட்டையும் ஊராட்சி மன்ற உரிம வில்லையும். பட்டையில்லாமல் சாலையில் திரியும் நாய் மன்றத்தின் நாய் பிடிக்கும் வண்டிக்குத் தெருநாய்தான். அது உங்கள் நாய் என்று சொல்ல நீங்கள் மதுரையில் இருப்பீர்கள்.

விடுதி பார்க்கப் போகும்போது

சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் பக்கம் மூன்று வகை கிடைக்கும். கால்நடை மருத்துவமனையோடு சேர்ந்த கூண்டுகள் ஒரு வகை. கடைவீட்டு 'ஓட்டல்' இன்னொன்று. மூன்றாவது, ஊருக்கு வெளியே நிலம் வைத்து நடத்தும் நாய்ப் பண்ணை அல்லது தன் வீட்டிலேயே நான்கைந்து நாயை வைத்துப் பார்க்கும் ஆள். மருத்துவமனையின் நல்லது மருத்துவர் பக்கத்தில் இருப்பது. கெட்டது நோயாளி நாய்களும் பக்கத்தில் இருப்பது. நோய் உள்ள நாய்க்கு அதுவே சரி, நன்றாக இருக்கும் நாயை அங்கே விட எனக்கு மனமில்லை.

சொல்லிவிட்டுப் போவதைவிடச் சொல்லாமல் போவது மேல். போகும் நேரம் பகல் இரண்டு மணி. காலை ஒன்பதுக்கு எல்லா இடமும் கழுவிச் சுத்தமாக இருக்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும். இரண்டு மணிக்குத்தான் கூரையின் சூடு தெரியும், தண்ணீர்ப் பாத்திரம் காலியா என்று தெரியும், வேலையாள் எங்கே என்று தெரியும். உள்ளே விடமாட்டேன், படம் காட்டுகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குட்டிகளுக்கு நோய் பரவும் என்று தடுத்தால் அது நியாயம். ஆனால் வெளியிலிருந்தாவது பார்க்கக் கம்பி வேலி இருக்க வேண்டும்.

உள்ளே போனதும் தரையைப் பார்ப்பது எல்லாரும் செய்வது. நீங்கள் சுவர் மூலையைப் பாருங்கள். நம்மூரில் நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி சுவர் ஏறும். இரத்தம் குடித்துப் பருத்ததும் நாயைவிட்டு இறங்கி, சுவர் விரிசல், கதவு நிலை, கூரை விளிம்பு என்று ஏறி முட்டையிடும். கூண்டுக்கு மேலே சுவரும் கூரையும் சேரும் இடத்தில் துவரம் பருப்பு ஒட்டியதுபோல் சாம்பல் நிறத்தில் தெரிந்தால், அந்த இடத்தில் எத்தனை வாசனைத் திரவம் தெளித்தாலும் பிரயோசனமில்லை. உண்ணிக் காய்ச்சல் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் நோய். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில்தான் காட்டும். விடுதிக்காரர் தப்பித்துவிடுவார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் கதவு. கூண்டுக் கதவைத் திறந்தால் நேரே சாலையா, நடுவில் இன்னொரு கதவு உண்டா? ஓடிப்போன நாய்க் கதைகளில் பாதி இந்த ஒற்றைக் கதவில்தான் தொடங்கும். வடிகாலில் ஒரு கூண்டின் கழிவுநீர் அடுத்த கூண்டு வழியாகப் போகிறதா என்று பாருங்கள். எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். தீனி மூட்டை தரையில் திறந்து கிடந்தால் அங்கே எலி உண்டு.

பல ஊர்ப் பிராணிகள் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நெகிரி செம்பிலான்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1999இல் புக்கிட் பெலாண்டோக்கிலும் சுங்கை நிப்பாவிலும் பன்றிப் பண்ணைகளிலிருந்து பரவிய நோய்க்கு நிப்பா என்ற அந்தக் கிராமத்தின் பெயரே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. நாடு முழுவதும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பகுதி நாய்களுக்கும் பன்றியிடமிருந்து நிப்பா தொற்றியது பின்னர் தெரியவந்தது. இன்றைய நாய் விடுதிக்கும் நிப்பாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மற்ற நாய்களின் ஊசி அட்டையைக் கேட்காமல் உங்கள் நாயைச் சேர்த்துக்கொள்ளும் விடுதி, உங்கள் நாயோடு யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளும். ஊசி அட்டையைக் கேட்டு உங்களைத் தொல்லைப்படுத்தும் இடமே நல்ல இடம்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, 2017இல் நடைமுறைக்கு வந்தது. பிராணிகளைக் காசுக்கு வைத்துப் பார்ப்பவர்கள் கால்நடைச் சேவைத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். அதே சட்டம் நமக்கும் உண்டு. பிராணிக் கொடுமைக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சோறு தண்ணீருக்கு வழி செய்யாமல் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு ஊருக்குப் போவதும் அதில் சேரும். உரிமம் இருப்பதால் மட்டும் ராத்திரி ஆள் இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம்.

ராத்திரியைச் சோதிக்க ஒரே வழி, ராத்திரி போவதுதான். ஒன்பதரை மணிக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திப் பாருங்கள். விளக்கு எரிகிறதா? நாய்கள் விடாமல் குரைத்தால் யாராவது அதட்டுகிறார்களா? போன் அடித்தால் எடுக்கிறார்களா? இதற்கு ஒரு லிட்டர் பெட்ரோல் ஆகும்.

தமிழ் மட்டும் தெரிந்த நாய்

என் நாயை இப்போது பார்த்துக்கொள்வது ஒரு சீன அம்மா. பழைய பால்மரத் துண்டு நிலத்தில் வீடு, பின்னால் வேலி போட்ட முற்றம், ஒரே நேரத்தில் ஐந்து நாய்க்கு மேல் எடுக்கமாட்டார். சாயங்காலம் முற்றத்தில் நாற்காலி போட்டு நாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து டிராமா பார்ப்பார். ராத்திரி அவர் படுக்கும் அறையின் ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. முதல் தடவை விட்டபோது மூன்றாம் நாள் போன் வந்தது. "உன் நாய் காது கேக்காதா? நான் சொன்னா ஒண்ணுமே செய்யல." மலாயில்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாய்க்குக் காது நன்றாகக் கேட்கும், மலாய்தான் தெரியாது. வாய்ஸ் மெசேஜில் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினேன்: வா, உக்காரு, சாப்பிடு, போய்ப் படு, ச்சீ. இப்போது அந்த அம்மா "சாப்பிது" என்று சொன்னால் என் நாயோடு அங்கிருக்கும் ஹஸ்கியும் வந்துவிடுகிறது.

உங்கள் நாய் எந்த வார்த்தைக்கு என்ன செய்யும் என்று எழுதிக் கொடுப்பதைவிடக் குரலில் பதிந்து கொடுங்கள். பெரிய விடுதிகளில் நாயைக் கையாளும் வேலையாள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர். நீங்கள் கவுண்டரில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த காகிதம் அவர் கைக்குப் போகாது. போனாலும் படிக்க முடியாமல் இருக்கலாம். நாயை விடும்போது அந்த வேலையாளைக் கூப்பிட்டு, பெயர் கேட்டு, உங்கள் கண் முன்னால் நாய்க்கு ஒரு பிஸ்கட் கொடுக்கச் சொல்லுங்கள். முதலாளியிடம் பேசுவதைவிட இது முக்கியம்.

நாள்கணக்கு

ஊசியைக் கடைசி வாரத்தில் போட்டால் பலன் குறைவு. பயணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதே மருத்துவரிடம் போய்விட வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ, ஹெப்படைட்டிஸ் கூட்டு ஊசி இருக்கிறதா, வருடம் தாண்டிவிட்டதா என்று அட்டையைப் பார்ப்பார். லெப்டோவுக்கு முதல் தடவை என்றால் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. பிறகு வருடம் ஒன்று. தோட்டத்தில் எலி பிடிக்கும் நாய்க்கு லெப்டோ ஊசியை நான் கட்டாயம் என்றே சொல்வேன். விடுதி இருமலுக்கு மூக்கில் விடும் மருந்து உண்டு. கிளம்புவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் போட்டுவிடுங்கள். உண்ணிக்கு வாய்வழி மாத்திரை, மாதம் ஒன்று தருவதும் உண்டு, மூன்று மாதம் தாங்குவதும் உண்டு. கொசு வழியாக வரும் இதயப்புழுவுக்கு மாத மருந்து. பயணத்துக்கு நடுவில் தவணை வந்தால் முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெறிநாய்க்கடி நோய் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017 முதல் சரவாக்கிலும் அது தலைகாட்டியது. நாயையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவதாக இருந்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் விதி என்ன என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

ஆறு வாரத்துக்குள் ஒரு ராத்திரியாவது ஒத்திகை பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் விட்டு ஞாயிறு மதியம் கூட்டிவரலாம். தண்ணீர் குடித்ததா, சிறுநீர் கழித்ததா, சாப்பிட்டதா என்று கேளுங்கள். முதல் நாள் சாப்பிடாதது பெரிய குற்றமில்லை. தண்ணீரும் தொடாவிட்டால் அந்த இடம் அந்த நாய்க்கு ஒத்துவரவில்லை. பகாவ், கோலப்பிலாவிலிருந்து சிரம்பானுக்கு நாயைக் கொண்டுவருபவர்கள் வெறும் வயிற்றோடு ஏற்றுவது நல்லது. இல்லாவிட்டால் புக்கிட் புத்தூஸ் மலைப்பாதையைத் தாண்டுவதற்குள் பின்சீட்டு நாறிவிடும்.

பையில் வைப்பது

அது தினம் தின்னும் தீனியை நாள் கணக்குப் பார்த்து, இரண்டு நாள் கூடுதலாக. சோறு தின்னும் நாயென்றால் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து சோற்றோடு உலர் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். குழம்புச் சோறு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வெங்காயம் நாயின் இரத்தத்துக்கு விஷம். துவைக்காத பழைய கைலி ஒன்று. உங்கள் வியர்வை வாசனைதான் அதற்கு வீடு. புதுப் படுக்கை வாங்கிக் கொடுப்பது உங்கள் மனத்திருப்திக்கு.

ஒரு காகிதத்தில் மருத்துவரின் எண், உங்கள் வாட்ஸ்அப் எண், இங்கேயே இருக்கும் ஒரு சொந்தக்காரரின் எண். கீழே இரண்டு வரி: அவசரமென்றால் என்னைக் கேட்காமலே இத்தனை வெள்ளி வரை செலவு செய்யலாம், அதற்கு மேல் போனால் இன்னாரைக் கேளுங்கள். கையெழுத்து. நீங்கள் சபரிமலை ஏறிக்கொண்டிருக்கும்போது போன் எடுக்காது. அனுமதிக்காகக் காத்திருந்தே செத்த நாய்கள் உண்டு. சிரம்பான் மருத்துவர்களால் முடியாத கேஸ் சில நேரம் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் போகும். அந்தச் செலவையும் மனத்தில் வைத்துத் தொகையை எழுதுங்கள்.

தினம் படம் அனுப்பச் சொல்வதில் தவறில்லை. ஆனால் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம், காலையில் அது போன மலத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று நான் கேட்கிறேன். சீன அம்மா முதலில் முகம் சுளித்தார். இப்போது மற்ற நாய்க்காரர்களுக்கும் அதையே அனுப்புகிறாராம். ரிப்பன் கட்டி மறைக்க முடியாத ஒரே படம் அது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் விடுதி இருக்கும் இடத்தில் பட்டாசு எப்படி என்று கேளுங்கள். தாமானுக்கு நடுவில் இருக்கும் விடுதியில் அந்த மூன்று ராத்திரி நாய்கள் பைத்தியமாகிவிடும். நாய் பட்டாசுக்கு நடுங்கும் வகை என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மாத்திரை வாங்கி வையுங்கள். தோட்டத்துக்குள் விடுவது இந்த ஒரு விஷயத்தில் பரவாயில்லை, செம்பனைக்குள் வெடிச்சத்தம் கொஞ்சம் அடங்கித்தான் வரும்.

கூட்டி வந்த பிறகு

வந்த அன்று நாய் உங்களைக் கண்டுகொள்ளாமல் போய்ப் படுத்தால் கோபப்படாதீர்கள். இரண்டு நாள் தூங்கும். தலை முதல் வால் வரை விரலால் தடவி உண்ணி பாருங்கள்; காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில். எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் இருமினால் விடுதி இருமல், மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு சோறு மறுத்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகித்து இரத்தப் பரிசோதனை கேளுங்கள். விடுதிக்காரருக்கும் சொல்லிவிடுங்கள், சண்டைக்காக அல்ல, அங்கே இன்னும் நான்கு நாய் இருக்கிறது.

தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் நல்ல இடங்கள் முன்னதாகவே நிறைந்துவிடும். ஆவணி பிறந்ததும் போன் போட்டுவிடுங்கள், முதல் கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.